ஒரு துளை போதாது

துரப்பணத்தை வண்டியின் பின்னாலேயே விட்டுவிட்டு வந்தாள் வூக்கோ.
ஹைலுவோட்டோ தீவுக்குக் கடல்மேல் போகும் பனிச்சாலை
இன்று காலை மட்டும் காத்திருக்கட்டும்.
பதினாறு குளிர்காலமாக அதன் தடிமனை அளப்பவள்.
ஔலு மருத்துவமனை, மைனஸ் பத்தொன்பது,
இன்று அளக்கப்படுவது அவள் முறை.

உடம்பில் இரும்பு ஏதாவது?
இல்லை.
மோதிரம்?
அது போய் ஒன்பது வருஷம் ஆயிற்று.
யார்க்கோ படிவத்தில் டிக் அடித்தான்.
மேற்கொண்டு கேட்கவில்லை, நல்ல பையன்.

குப்புறப் படுக்க வேண்டும்.
பலகையில் இரண்டு குழிகள்,
கிணற்றில் இறக்கிய வாளிகளாக இரண்டு முலைகளும்.
பனியில் ஓட்டை போட்டு மீன் பார்ப்பவர்களும்
இப்படித்தான் கிடப்பார்கள் என்று நினைத்ததும்
சிரிப்பு வந்தது.
அசையாதீங்க, என்றது ஒலிபெருக்கி.
சிரிப்பையும் அடக்கினாள்.

பிறகு அந்தச் சத்தம்.
தாளம் தெரியாத ஒருவன்
தகரக் கூரைமேல் ஏறி நின்று தட்டுகிற சத்தம்.
நடுவில் நரம்பு வழியே சில்லென்று ஏறிய மருந்து,
முழங்கையில் தொடங்கித் தோளில் தொலைந்தது.

டாக்டர் ஹியெத்தலா படத்தைக் காட்டினார்.
மருந்து சட்டென்று ஏறிச் சட்டென்று வடிகிறது, பாருங்கள்.
அது ஒரு சாட்சி.
இன்னொரு சாட்சி தண்ணீர்.
உடம்புத் தண்ணீர் சும்மா இருக்காது, அலையும்.
செல்கள் நெருக்கியடிக்கும் இடத்தில்
அதற்குக் கால்வைக்க இடமில்லை.
இதோ இந்த ஓரத்தில் ஏறக்குறைய நின்றேவிட்டது.

நின்ற தண்ணீரை நம்பிப் பிழைத்தவள் வூக்கோ.
அதன்மேல் பால் லாரி போயிருக்கிறது,
பள்ளிக்கூட வேன் போயிருக்கிறது,
ஒருமுறை ஒரு பியானோகூட.
தண்ணீர் அசையாமல் இருந்தால் நல்லது என்றே
இத்தனை நாளும் கையெழுத்துப் போட்டவள்.

ஊசி இரண்டாம் தரம் என்றதே?

ஊசி போன இடம் இரண்டு.
ஓரம் மூன்றாக இருக்கலாம் என்கிறது படம்.
படம் சத்தியம் செய்யாது.
எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தால்தான்.

மன்னிப்புக் கேட்பவர்போலப் பேனாவை மூடினார்.
அவளுக்கோ
அன்று முழுதும் கேட்டதில் புரிந்தது இது ஒன்றுதான்.
பானைக்கு ஒரு சோறு பதம்.
கடலுக்கு இல்லை.
துளையில் நாற்பது சென்டிமீட்டர்.
நூறடி தள்ளி, கப்பல் உடைத்துப்போன பழைய தடத்தில், பதினெட்டு.
மேலே புதுப்பனி மூடி எல்லாம் ஒரே வெள்ளை.
அந்த வருஷம் ஒரு டிராக்டர்.
ஓட்டியவன் ஏறிவந்துவிட்டான்,
இன்றும் அவளிடம் பேசுவதில்லை.

எத்தனை துளை போட்டீங்க?
மூன்று.
எந்தப் பக்கம்?

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.
நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு
வழி தேடுகிற இரண்டு பேராகக் குனிந்தார்கள்.
புதன்கிழமை இன்னொரு ஊசி, அந்த ஓரத்தில்.

மூன்று மணிக்கே வெளிச்சம் நீலமாகிவிட்டது.
கரையிலிருந்து முதல் துளை.
கீழிருந்து தண்ணீர் பொங்கி விளிம்புவரை வந்து தளும்பியது.
கையுறையைக் கழற்றி விரலை வைத்தாள்.
அலைகிறது.
முப்பத்தெட்டு என்று எழுதினாள்.

அடுத்த துளைக்கு எப்போதும் நூறடி நடப்பாள்.
இன்று ஐம்பதில் நின்றுவிட்டாள்.