செயப்பாட்டுவினை

கார்க் கதவைத் திறந்ததும்
கேமராவின் கண்ணில் புரை விழுந்தது.
உள்ளே ஏ.சி., வெளியே லூசியானாவின் ஆகஸ்ட்.
துடைத்தால் மீண்டும் பனி.
பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் வெளிச்சம்
மூன்றாவது மரத்தைத் தாண்டிவிடும்.

இருபத்தெட்டு ஓக் மரங்கள், பக்கத்துக்குப் பதினான்கு.
கோடியில் வெள்ளைத் தூண் வீடு
பல் விளக்கிவிட்டுக் காத்திருப்பதுபோல.
கிளைகள் மண்வரை இறங்கி
முழங்கை ஊன்றி மறுபடி எழுகின்றன.
சீவாத தலைமுடியாய்ச் சாம்பல் நிறத் தொங்குபாசி.
நான் வந்தது ஒரு டயர் கம்பெனி நாள்காட்டிக்காக.
செப்டம்பர் மாதம் என்னுடையது.
'ஆள் வேண்டாம், பாதையும் நிழலும் போதும்'
என்று இரண்டு முறை எழுதியிருந்தார்கள்.

நிழலுக்குள் ஒரு பெண் இருந்தாள்.
மஞ்சள் மேல்சட்டை. இரவுக் காற்றில் முறிந்த கிளைகளைப்
பொறுக்கித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு.
பையின்மேல் நூலால் தைத்த பெயர்:
ஓடெட் நார்சிஸ்.

"நகரணுமா?" என்றாள், நான் கேட்கும் முன்பே.
"காலையிலிருந்து பதினோரு பேர் படத்தில்
நான் ஒரு முழங்கையாக இருக்கிறேன்."
சிரித்தாள். லென்ஸைத் துடைத்தபடி நானும்.

பனி விலகும்வரை பித்தளைப் பலகையைப் படித்தேன்.
இனம், சுற்றளவு, உயரம், கடைசியில் ஒரு வரி.
பழக்கதோஷம், மனசுக்குள் தமிழாக்கினேன்:
இம்மரங்கள் வீட்டுக்கு முன்பே நடப்பட்டன.

நடப்பட்டன.
பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மாற்றி எழுதியிருக்கிறேன்:
குமரன் குடத்தை உடைத்தான்,
குடம் குமரனால் உடைக்கப்பட்டது.
ஒளிந்துகொள்ள முடியாமல்
குமரனை ஓர் 'ஆல்' பிடித்துவைத்திருந்தது.
இங்கே இத்தனை மரம் நிற்கிறது,
ஓர் ஆல் இல்லை.
பட்டன மட்டும் இருக்கிறது.

"யார் நட்டது?" என்றேன்.
கையுறையைக் கழற்றினாள்.
"பெயரெல்லாம் இருக்கு. கணக்குப் புத்தகத்தில்,
கோவேறு கழுதைகளுக்கு அடுத்த பக்கம்.
விலையோடு.
ஒரு நார்சிஸ்கூட உண்டு. எங்க ஆளா, தெரியாது.
அறுநூறு டாலர். இடது தோளில் குறை என்று எழுதியிருக்கு."
பிறகு, அதே குரலில்,
"கண்ணாடி தெளிஞ்சிடுச்சு, பாருங்க."
வண்டியை உருட்டிக்கொண்டு
ஐந்தாவது மரத்துக்குப் பின்னால் போனாள்.

மண்ணில் குப்புறப் படுத்தேன்.
செவ்வெறும்புகள் மணிக்கட்டில் ஏறின.
ஒளி கரும்புவயல் பக்கமிருந்து சாய்ந்து வந்தது,
கோயில் பிராகாரத்தில் விழுவதுபோல என்று எழுதலாம்,
ஆனால் அப்படி இல்லை.
ஈரமாக, பச்சையாக, கொஞ்சம் அழுகல் வாசனையோடு.
நாற்பது படம் எடுத்தேன்.
அவள் எட்டிப் பார்க்கவில்லை.

விடுதி அறையில் பெரிதாக்கிப் பார்க்கிறேன்:
நல்ல படம் ஒன்றுதான் தேறியது.
அதில், இடப்பக்கம் ஐந்தாவது மரத்தடியில்
மஞ்சளாய் ஒரு முழங்கை.
மறுநாளே பதில் வந்தது:
பிரமாதம். அந்த மஞ்சளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இரண்டு நாள் பதில் போடவில்லை.
மூன்றாம் நாள்
ஏழாவது மரத்தின் பாசியைக் கொஞ்சம் வெட்டி
அங்கே ஒட்டினேன்.
தெரியாது. எனக்குத் தவிர யாருக்கும் தெரியாது.

பில்லில் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
தேவையற்ற பகுதி நீக்கப்பட்டது.
நாற்பது டாலர்.