கப்பலின் பத்தியம்

கூறைநாட்டில் நெல் லாரி நிறுக்கும் எடைமேடையில்
ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவளை ஏற்றினோம்.
வண்டி எண் கேட்ட இடத்தில்
பையன் ‘கப்பல்’ என்று அடித்தான்.
நானூற்று நாற்பது கிலோ.
சரக்கு: இல்லை.

கல்யாண ஊர்வலக் குதிரை.
எட்டு வருஷம் மாப்பிள்ளைகளைச் சுமந்ததில்
சந்தனம் காயாத கைகள் நீட்டிய லட்டு,
சீர்த்தட்டில் மிஞ்சிய கற்கண்டு,
பந்தியில் மிச்சமான கேசரி, இலையோடு.
குதிரை வாய் இனித்தால் வம்சம் தழைக்கும் என்று
யாரோ கிளப்பிவிட்டது.
யாரோ என்ன, என் வீட்டுக்காரர் பக்கிரிசாமிதான்.

பங்குனியில் மூக்கின் வெள்ளைத் தோல் உரிந்தது.
வெயில் என்று தேங்காய் எண்ணெய் தடவினோம்.
ஒரத்தநாட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் செந்தாமரை
வெயில் சும்மா சாக்கு, ஈரல்தான் என்றார்.
ஈரல் கழிக்காமல் விட்டதைத் தோல் சுமக்கும்,
வெள்ளையாக இருக்கும் இடம் முதலில் வேகும்.

தெருவில் விசாரித்தார்கள்: குதிரைக்குக் கொழுப்பாமே?
ஆமாம் என்றேன்.
எனக்கும் அதேதான் என்று மாமியார்
இருபது வருஷம் முன்பே சொல்லிவிட்டார்,
ரத்தம்கூட எடுக்காமல்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு.
டாக்டரிடம் பழமொழி செல்லவில்லை.
கொள்ளு கூடாது. எள்ளுப் புண்ணாக்கு கூடாது.
தவிடு கூடாது.
வெல்லம் என்ற பேச்சே கூடாது.
அப்ப பட்டினி போட்டுடலாமா, என்றார் இவர்.
அது மட்டும் ஆகவே ஆகாது.
பசித்த உடம்பு தன் கொழுப்பைத் தானே கரைத்து
ரத்தத்தில் விடும், ஈரல் அதில் முழுகிப்போகும்.
குறைக்கணும், நிறுத்தக் கூடாது.
இப்படி ஒரு கணக்கை இதற்குமுன்
வட்டிக்கடையில்தான் கேட்டிருக்கிறேன்.

ஆறு கிலோ காய்ந்த புல், ஆறு வேளை.
தராசு மீன்கார வளர்மதி இரவல் தந்தது.
புல்லில் கெளுத்தி வாசம். முதல் நாள்
கப்பல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
அண்டாவில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு
இனிப்பு இறங்கிய பழுப்புத் தண்ணீரை வடிக்கிறேன்.
அதைக் குடித்து எதிர்வீட்டு ஆடு கொழுக்கிறது.

பகலெல்லாம் சாக்குப் படுதா நிழல்.
பொழுது சாய்ந்த பிறகுதான் நடை.
ஆடியில் புதுத்தண்ணீர் வந்து சேர்ந்த அன்று
ஊரே துலாக்கட்டத்தில் நின்று கும்பிட
நான் கரையைப் பார்த்து வயிறு கலங்கினேன்.
ஒரே வாரத்தில் முழங்கால் உயரப் பச்சை.
இளம்புல்லில் சர்க்கரை என்று சொல்லியிருந்தார்களே.
ஆறே பந்தி விரித்தால் யாரைத் திட்டுவது?
போரடிக்கும் மாட்டின் வாய்க்கூடையை மாட்டிவிட்டேன்.
கூடைக் கண் வழியே ஒவ்வொரு தாளாக இழுத்து,
பல் போனவர் முறுக்கு தின்பதுபோலத் தின்றாள்.

ஆவணியில் மறுபடி எடைமேடை.
ஐந்து கிலோகூட இறங்கவில்லை.
தராசைச் சந்தேகப்பட்டேன். வளர்மதியை.
அந்த ஆட்டை.

துவைக்க எடுத்த சட்டையின் பையில்
எறும்பு வரிசை.
விரலை விட்டால் பிசுபிசுப்பு. அச்சுவெல்லம்.

ஒன்றும் கேட்கவில்லை.
அவருக்கு மூன்று சட்டை, மூன்று பை.
வீட்டில் இருந்தது சிவப்பு நூல்தான்.
மூன்றின் வாயையும் தைத்துப்போட்டேன்.
அவரும் ஒன்றும் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டார்.
பீடிக்கட்டு காதுக்கு மேலே ஏறிவிட்டது.

நேற்று ராத்திரி படித்துறை இறக்கத்தில்
வாய்க்கூடையை அவிழ்த்ததும்
கப்பல் நேரே அவர் நெஞ்சுக்குப் போனாள்.
புதுத்தோல் பிடிக்கிற மூக்கால் பையை முட்டினாள்,
உதட்டால் நூலை நிமிண்டினாள்.
கடன்காரனிடம் காட்டுவதுபோல
இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்,
இல்லடி, இல்லடி என்று.
அவள் நம்பவில்லை.
அக்குளில் தேடினாள். வேட்டி மடிப்பில் தேடினாள்.

ஊறிய புல்லை ஒரு பிடி நீட்டினேன்.
தண்ணீர் முழங்கைவரை வழிந்தது.
வெகுநேரம் கழித்து
என் பக்கம் பாராமலே வாங்கிக்கொண்டாள்.

அது ஐந்தாவது வேளை.
இன்னும் ஒன்று இருந்தது.