இலைக்கு முன்னே சோறு

பணகுடிக்கு மேற்கே
பதினேழாம் நம்பர் காற்றாலையின் காலடியில்
ஒரு தகரக் கொட்டகை, ஒரு லேப்டாப், நான்.
எண்பது மீட்டர் உயரத்தில் மாசானம்.
புதுக் காற்றுமானியைப் பூட்டிவிட்டு
போனில் கேட்கிறான்:
"எக்கா, காத்து தெரியுதா?"

காற்று தெரியவில்லை.
திரை முழுக்கச் சிவப்பு தெரிகிறது.
நாற்பத்து மூன்று பிழை.

அந்தக் கருவிக்குப் பேசத் தெரியும்.
பேச்சை அவிழ்க்கும் நூலகத்தை
பனி பெய்யும் ஏதோ ஊரில் யாரோ எழுதி
சும்மா கொடுத்திருக்கிறார்.
இறக்கிப் பிரித்து
என் நிரலின் தலையில் ஒரு வரி சேர்த்தேன்.
அதற்குத்தான் இத்தனை ஏச்சு.

கீழிருந்து வாசிப்பது என் கெட்ட பழக்கம்.
நாற்பத்து மூன்றாவது பிழையோடு
ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன்,
பனியூர்க்காரரைத் திட்டிக்கொண்டே.
பிறகுதான் மேலே ஏறினேன்.
முதல் பிழை அவர் கோப்பின் முதல் வரி.
அதற்கு முந்தின வரி
என் கோப்பின் கடைசி வரி.
அங்கே ஓர் அரைப்புள்ளி இல்லை.

மேட்டு வயலில் நான் அடைக்காத மடைக்கு
பள்ளத்து வயல்காரர்மேல் வழக்கு.

புள்ளி வைத்தேன்.
நாற்பத்து மூன்றும் போன தடம் தெரியவில்லை.
புதிதாக ஒன்று வந்து நின்றது, வேறு ரகம்:
பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம்.
ரேஷன் கார்டில் இருப்பார்,
தாராவியில் இட்லிக்கடை வைத்திருப்பார், அப்படி.
நூலகம் அதே இடத்தில்தான் இருக்கிறது.
கட்டளையில் அதன் பெயரை
எழுத்தெழுத்தாகப் பார்த்தாயிற்று.

"எக்கா, பெல்ட்டு இடுப்ப அறுக்குது. எறங்கட்டுமா?"
"இருல, ரெண்டு நிமிசம்."
மூன்றாவது ரெண்டு நிமிசம் இது.

போன வாரம் வள்ளியூரில் ஒரு மறுவீட்டுச் சொதி.
இலைக்காரருக்கு முன்னே
சோற்று வாளி ஓடிவிட்டது.
தூக்கி வந்த பையன்
இலையில்லாத மேசையைப் பார்த்தான்,
யாருக்கும் வேண்டாம் போல என்று
அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டான்.
இலை விழுந்தபிறகு
இந்த வரிசை முழுக்க, சோறு, சோறு.

நிமிர்ந்து கட்டளையைப் பார்த்தேன்.
நூலகம் முன்னே, என் கோப்பு பின்னே.
மாற்றிப் போட்டேன்.
கேட்கிறவன் முதலில் உட்காரட்டும்.

ஓடியது.
எச்சரிக்கை ஒன்று மட்டும் மிச்சம்:
எங்குமே பயன்படாத ஒரு மாறி.
பனியூர்க்காரர் வைத்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

திரையில் காற்றின் வேகம்: பூஜ்யம்.
திரும்ப ஓட்டினேன். பூஜ்யம்.
மறுபடியும் முதலிலிருந்தா என்று
கொட்டகையை விட்டு வெளியே வந்தேன்.

புரட்டாசி. சீசன் வடிந்துவிட்டது.
உடைமரத்தில் ஓர் இலை ஆடவில்லை.
கண்ணுக்கெட்டிய மட்டும் காற்றாலைகள்
கை விரித்து நிற்கின்றன.

"மாசானம், மேல காத்து இருக்கா?"
"பொட்டுக் காத்து இல்லக்கா, வேர்த்து ஊத்துது.
இரி, கிண்ணத்த வெரலால தள்ளுதேன். பாரு."

உள்ளே ஓடினேன்.
மாசானத்தின் விரல்:
நொடிக்கு ஒன்று புள்ளி ஏழு மீட்டர்.