மூன்று முறை செத்தவள்

அந்தப் படத்தில் நான் மூன்று முறை சாகிறேன்.
பன்னிரண்டாவது நிமிடம், பச்சைக் கோட்டில்,
ரொட்டிக்கடை வாசலில்.
ஐம்பதாவது நிமிடம், அதே கோட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு,
டிராம் தண்டவாளத்தின் மேல்.
மூன்றாவது சாவில் என் இடது கால் மட்டும்.
காலணியை வைத்து வெத்தூட்ஸா கண்டுபிடித்தாள்,
அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

கடைசியில் நகரம் பிழைத்துக் கைதட்டும்போது
கூட்டத்தில் நானும் நிற்கிறேன்,
ஒரு கீறல் இல்லை.

ஒரு சாவுக்கு நூற்றிருபது லெய். சூப் தனி.
இருபத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவள் நான்.
சும்மா படுத்துக்கிடக்கக் கூலி கொடுத்தவர்
அந்த இயக்குநர் ஒருவர்தான்.

கதையா?
இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
காந்தத்தைத் தின்று வளரும் இயந்திரங்கள்
வானத்திலிருந்து இறங்குகின்றன.
அவற்றை அணைக்கத் தெரிந்தவன் உலகத்தில் ஒரே ஒருவன்.
அவனுக்கு ஞாபகம் போய்விட்டது,
தலைமுடி மட்டும் கலையவில்லை.

காதில் பூ என்றால் கொஞ்சநஞ்சமல்ல, தோட்டமே.
ரொட்டிக்கடையில் வலதுபக்கம் திரும்புகிறான்,
அடுத்த நொடி செர்னா ஆற்றுப் பாலத்தில் இருக்கிறான்.
எங்களுக்கு அது ஒன்றரை மணிநேர நடை,
பனி விழுந்தால் இரண்டு.
ஆறு குண்டுத் துப்பாக்கியில்
நாற்பத்தேழு வரை எண்ணிவிட்டு
ட்ரையான் சலித்துப்போய்ச் சூரியகாந்தி விதை உரிக்கத் தொடங்கினார்.
காந்தம் தின்னும் ஜந்து இரும்பாலைக்குள் நுழைந்தால்
வாசற்கதவிலேயே ஒட்டிக்கொள்ளாதா
என்று கேட்டான் என் தங்கை மகன் மிஹ்னேயா.
பதில் சொல்ல ஒரு பெண் விஞ்ஞானி இருக்கிறாள் படத்தில்.
அவளுக்கு மொத்தம் நாலு வசனம்.
அதில் மூன்று, அவன் பெயர்.

இத்தனைக்கும் நான்கு தடவை பார்த்தோம்.
பண்பாட்டு மாளிகையில் வெப்பக்குழாய் வேலை செய்யாது,
கோட்டோடும் தொப்பியோடும் இருநூறு பேர்,
வாயிலிருந்து ஆவி திரைக்கு முன்னால் ஏறிக்கொண்டிருக்க.

நூற்றுநான்காவது நிமிடத்துக்காக.

அப்போது அவன் இயந்திரங்களை
எங்கள் ஆலைக்குள் இழுத்து வருகிறான்.
மூன்றாம் உலை எரிகிறது.

மூன்றாம் உலையை அறுத்து, டன் கணக்கில் எடைபோட்டு,
ரயிலேற்றி அனுப்பிய வருடம் எனக்குத் தெரியும்.
அந்த இடத்தில் இப்போது மரச்சாமான் கடையின் கார் நிறுத்தம்.
ஆனால் திரையில் அது எரிகிறது,
குன்றின் மேலிருக்கும் கோட்டைச் சுவர் வரைக்கும் சிவப்பு,
படுக்கையறைத் திரைச்சீலையில் விழுந்து
எங்களைத் தூங்கவிடாத
அதே சிவப்பு.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள்
விதை உரிப்பதை நிறுத்தினார்கள்.

நிறம் தப்பு, என்றார் ட்ரையான்.
இவ்வளவு மஞ்சள் வராது. கணினிக்காரனுக்கு என்ன தெரியும்.
குரல் சரியாக வரவில்லை, செருமிவிட்டு
மறுபடி சொன்னார், தப்பு.

பிறகு என் கிரேன்.
பதினேழாம் எண், கூண்டின் கண்ணாடியில்
நான் ஒட்டிய நாட்காட்டிப் பூனை கூட அப்படியே
எப்படியோ கிடைத்திருக்கிறது அவர்களுக்கு,
அல்லது நான்தான் அதை அங்கே பார்க்கிறேனோ என்னவோ.
ஞாபகமில்லாத அந்த அழகன்
ஒற்றைக் கையால் இடது லீவரைத் தள்ளுகிறான்,
கொக்கி இறங்குகிறது.

இறங்காது.
இடது லீவர் பாலத்தை நகர்த்தும், அவ்வளவுதான்.
கொக்கிக்கு வலது, அதுவும் மெதுவாக,
கடைசி அரை மீட்டரில் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்,
கீழே மனிதர்கள் நிற்பார்கள்.

நான்கு தடவையும் இருட்டில்
கோட்டுப் பைக்குள் என் வலது கை
அவன் செய்த தப்பைத் திருத்திக்கொண்டிருந்தது.

இரண்டாம் பாகத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம்.
பச்சைக் கோட்டுக்குப் பொத்தான் தைக்க வேண்டும்.