முண்டம் மூன்று சென்ட்

விற்காத புத்தகத்தின் தலையை மட்டும் கொய்து
நியூயார்க்குக்குத் திருப்பி அனுப்பினால் போதும்,
கடைக்காரருக்குக் காசு வந்துவிடும்.
உடலைக் கொளுத்திவிட வேண்டும், அதுதான் பேச்சு.
டுலூத்தில், ஏரியைப் பார்த்த மருந்துக்கடையில்,
ஸ்கலிட்ஸ்கி கொளுத்தவில்லை.
இருமல் மருந்துக்குக் கீழே ஒரு சோப்புப் பெட்டியில்
அட்டையில்லாமல் அடுக்கி
காதும் காதும் வைத்தாற்போல் விற்றார்.
முழுசு பத்து சென்ட். முண்டம் மூன்று.

அது வேலைநிறுத்த வருடம்.
தாதுக் கப்பல்கள் ஏரியில் சும்மா நின்றன,
அப்பா சமையலறையில் சும்மா நின்றார்.
அண்ணன் ஆர்வோவும் நானும் பாட்டில் பொறுக்கி விற்று
மாதம் இரண்டு முண்டம் வாங்கினோம்.

கேப்டன் பாரோமீட்டரை
இன்று யாருக்கும் நினைவிருக்காது.
காற்றழுத்தம் இறங்கினால்தான் அவனுக்குப் பலம் ஏறும்.
பளிச்சென்ற வெயிலில் வங்கியில் திருட்டு நடந்தால்
எதிர்ச்சாரியில் கைகட்டி நின்று
மேகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான்.
பாதிக் கதை இதிலேயே போய்விடும்.
அவன் மேலங்கியின் சிவப்போ
கோட்டைத் தாண்டி, தோளைவிட்டு அரை விரல் தள்ளி,
அவனுக்கு முன்னால் பறந்துவிடும் அவசரத்தில்.
மூக்கோடு வைத்துப் பார்த்தால்
முகமெல்லாம் புள்ளி, தட்டம்மை போட்ட மாதிரி.
மூடுபனிச் சங்கு இரவெல்லாம் ஊதும் எங்கள் ஊருக்கு
அவன் ஏன் குடிவரவில்லை என்பதுதான்
எனக்கு விளங்கவே இல்லை.

பிறகு ஷெரீஃப் ஹாஸ்கல் புரூயிட்.
மூன்றாம் பக்கத்தில் இடக்கைக்காரர்,
நான்காம் பக்கத்தில் வலக்கைக்காரர்.
யாரையும் சுட்டதில்லை;
பிடிபட்டவனுக்கு எழுதத் தெரியாதென்றால்
அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பார்.
அவர் குதிரை மொலாசஸ்
கணவாய்க்கு இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் நீலம்.
"அங்கே குளிர் அதிகம்" என்றான் ஆர்வோ.
நம்பினேன்.
வரைந்தவன் கள்ளிச்செடியைக் கண்ணால் கண்டதில்லை:
ஊறுகாய் ஜாடி வெள்ளரிக்கு
முள் முளைத்துக் கையும் முளைத்தாற்போல் இருக்கும்.

ஆர்வோ பின்னாளில் அரிசோனா போய்விட்டான்.
முதல் கடிதத்தில் எழுதினான்:
"ஐலி, இங்கே கள்ளியெல்லாம் தப்பாக வளர்ந்திருக்கிறது."
அதற்கடுத்த கடிதத்தில்:
"நேற்று ஆறரை மணிக்கு, மலையடிவாரத்தில்,
வெளிச்சம் போகிற நேரம்,
ஒரு குதிரை நின்றது. சத்தியமாக நீலம்."

நான் முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டினேன்.
அழுத்தம் இறங்கும் நாளெல்லாம்
எதிர்ச்சாரியில் கைகட்டி நிற்கும் ஆளை
ஒருமுறை உற்றுப் பார்க்காமல் கடந்ததில்லை.

போன மே மாதம் பாலத்துக்கு அக்கரையில்
செத்துப்போன பல்மருத்துவர் ஒருவரின்
சாமான்களை விற்றார்கள்.
கரண்டிகளுக்கும் மீன்தூண்டிலுக்கும் நடுவில்
பிளாஸ்டிக் உறையில் அவன்.
ஒன்பதாவது இதழ். எனக்கு வரிக்கு வரி தெரிந்த இதழ்.
ஆனால், தலையோடு.

அட்டையில் பாலைவன வெயில், அவன் மல்லாக்கக் கிடக்கிறான்,
ஒரு நர்ஸ் முகத்தை மூடி அழுகிறாள்,
மஞ்சள் எழுத்து அலறுகிறது:
இந்த இதழில் அவன் சாகிறான்!

சாகவில்லை. அந்த இதழில் அவனுக்கு ஜலதோஷம்.
ஐந்து கட்டம் தும்முவான்.
வங்கித் திருடனே மனமிளகி சூப் வைத்துக் கொடுப்பான்.
நர்ஸ் கிடையாது. பாலைவனம் கிடையாது.

அப்படியானால் பத்து சென்ட் கொடுத்த பிள்ளைகளெல்லாம்
சூப் வரும்வரை நெஞ்சைப் பிடித்துக்கொண்டா இருந்தார்கள்?
கடைசியில் ஏமாந்தும் போனார்களா?
எங்களிடம் ஒருவரும் பயமுறுத்தவில்லையே.
திறந்தோம், அவன் தும்மிக்கொண்டிருந்தான்,
நாங்கள் "வாழ்க" என்றோம், பக்கம் புரண்டது.

மேசைக்குப் பின்னாலிருந்த பெண்
நாற்பது டாலர் என்றாள்.
அட்டை அப்பழுக்கில்லாமல் இருக்கிறதாம், அதற்குத்தான் விலையாம்.

கைப்பையைத் திறந்தபடி கேட்டேன்:
அட்டை இல்லாமல் எவ்வளவு?