ஏழு ரூவா கடன்

மனைவியின் பழைய கைபேசி, மூலையில் கீறல் விழுந்தது.
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவின் பின்சன்னலில்
சாக்பீஸ் டப்பாவை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன்.
பிள்ளைகள் இரண்டு நாள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்,
மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள்.
நான் மறக்கவில்லை. அன்றும் தலையைப் படிய வாரித்தான் போனேன்.

இரவு, ஒரு காது மட்டும் கேட்கும் இயர்போனில்
என்னைப் பார்க்க உட்கார்ந்தேன்.
முதலில் காற்று.
பணகுடி ஆனிக்காற்று மைக்குக்குள் புகுந்து
மாவு மில் மாதிரி இரைகிறது.
அதற்குள் யாரோ மூக்கால் பேசுகிறார்.
அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.
இருபத்திரண்டு வருசமாக
அதற்குத்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

மின்விசிறி ஒன்றுதான் ஓடும், இடப்பக்கம்.
அதன் அடியில் மூன்று தரைக்கல்,
அவ்வளவுதான் என் நடமாட்டம்.
வலப்பக்கத்துப் பதினாறு பேருக்கு
நாற்பது நிமிடமும் தெரிந்தது என் ஒற்றைக் காது.

"புரியுதா?" முப்பத்தொரு தடவை.
இல்லை என்று சொல்ல ஒருத்தருக்கும் இடமில்லை,
அதற்குள் "சரி, அடுத்தது" வந்துவிடுகிறது.
தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி
தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"வீட்டுலயும் இப்படித்தாம்.
நீங்களே கேப்பிய, நீங்களே பதிலும் சொல்லுவிய."

கடைசி பெஞ்சில் ரிக்சன்
என் வாக்கியங்களை எனக்கு அரை நொடி முன்னால் முணுமுணுக்கிறான்.
என் இருமலைக்கூட.

பிறகு அது வந்தது.
மைனஸ் ஏழு, மைனஸ் மூணு, எது பெருசு?
இசக்கிப்பிரியா எழுந்து, "ஏழு சார்."
"தப்பு. உக்காரு."
நான் பலகைக்குத் திரும்பி எண்கோடு வரைகிறேன், கோணலாக.
கைபேசி அவள் பக்கத்தில் இருக்கிறது.
உட்கார்ந்தவள் ஜெனிஷாவிடம் சொல்கிறாள்:
"ஏழு ரூவா கடந்தான பெரிய கடன்?
மூணுன்னா எங்கம்ம ஒரே நாள்ல அடைச்சிருவா.
அப்பம் மூணு கடன் உள்ளவதாம்ட்டி வசதிக்காரி…"
அதற்கு மேல் காற்று.
"பேசாத, பாக்காரு" என்கிறாள் ஜெனிஷா.
நான் பார்க்கவில்லை. அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு தடவை பின்னால் ஓட்டிக் கேட்டேன்.
காற்று கொண்டுபோனதைத் திருப்பித் தரவில்லை.

மறுநாள் போனதும் கேட்டேன்,
"நேத்து ஜெனிஷாகிட்ட என்னட்டி சொன்ன?"
"ஒண்ணுஞ்சொல்லல சார்."
அன்றிரவு பார்த்தால், கேட்டவன் முகம்
லைசென்ஸ் எங்கே என்று கேட்கிற முகம்.

வகுப்பின் தென்சன்னலில் ஒரு காற்றாலை தெரியும்.
கேள்வி கேட்டால் இனி அதைப் பார்ப்பது,
இறக்கை மூன்று சுற்று முடியாமல் வாய் திறப்பதில்லை என்று வைத்தேன்.
திங்கள், ஒன்றரைச் சுற்றில் திறந்துவிட்டேன்.
செவ்வாய் இரண்டு.
புதன் லீவு.
வியாழன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
அந்தப் பதிவில் அது பெரிய இடைவெளி.
வகுப்பில் இத்தனை சத்தமா இருந்தது!
யாரோ டிபன் மூடியைத் திருகுகிறார்கள்,
சுவரில் இந்தியா படபடக்கிறது,
ரிக்சன் சொல்ல வாக்கியம் கிடைக்காமல் திரும்பிப் பார்க்கிறான்.
மூன்றாம் சுற்று முடியப்போகையில்
வலப்பக்கம், விசிறி இல்லாத பக்கம்,
இதுவரை "ஏல, நீ" என்றே நான் கூப்பிட்டுவந்த பையன் கேட்டான்,
"சார், சீரோன்னா கடனே இல்லாதவனா?"

இசக்கிப்பிரியா சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள்.
நான் "சரி" என்று சொல்லவில்லை, "தப்பு" என்றும்.
சாக்பீஸை அவள் பக்கம் நீட்டினேன்.
அவள் வரவில்லை.
இன்னும் ஒரு சுற்று பார்த்தேன். அப்போதும் வரவில்லை.
அவன் பெயர் மைக்கேல் துரை. மணி அடித்த பிறகு கேட்டுக்கொண்டேன்.

"புரியுதா" பத்தொன்பதுக்கு வந்திருக்கிறது.
ஐப்பசியில் காற்று படுத்துவிடும்,
இறக்கை நாள் கணக்கில் அசையாது.
அப்போது எதை எண்ணிக்கொண்டு நிற்பேன் என்று
இன்னும் யோசிக்கவில்லை.