ஐந்தாவது ஆள்

தம்மாமிலிருந்து பத்து மணி நேரம் வண்டியோட்டி வந்த
ராத்தா வீட்டார் ஆறு பேர்,
தோஹாவிலிருந்து தம்பியும் அவன் மகனும்,
ஷார்ஜாவிலிருந்து நாங்கள், மாமியையும் சேர்த்து ஐந்து.
உம்முல் குவைனில் கடலோரம் இரண்டு அறை.
முன்பணம் கட்டியவர் மச்சான் என்பதால்
குளியலறை வரிசையில் எப்போதும் அவர்தான் முதல்.

டிசம்பர் கடல்
கணுக்கால் வரைக்கும்தான் எங்களை விட்டது.
பிள்ளைகள் ஓடிப்போய், அலறி, ஓடிவந்து,
மறுபடி ஓடினார்கள்.
காலுறைக்கு மேல் செருப்பு மாட்டி
ஃபிளாஸ்க்கை மடியில் வைத்திருந்த மாமி
"இந்தக் குளிருக்கா இவ்வளவு காசு" என்றார்
இரண்டாவது கப் சுலைமானியை ஊற்றிக்கொண்டே.

பதினொரு மணிக்கு வந்தான் ஜெய்லானி,
என் சாச்சி மகன்.
ருவைஸ் பக்கம் கடலை ஆழப்படுத்தும் கப்பலில்
இரவு ஷிஃப்ட், பன்னிரண்டு மணி நேரம்.
முடித்த கையோடு இரண்டு பஸ், ஒரு ஷேர் டாக்ஸி.
கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்,
நடுவில் இரண்டு நசுங்கியிருந்தது.
எல்லாருக்கும் ஸலாம் சொன்னான்.
கடலுக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்தான்.

"என்னடா, கடலைப் பாக்கலையா?"
"அதைத்தானே மச்சான்
தினமும் அள்ளிக் கொட்டுறேன்."

சோறு எடுத்து வைப்பதற்குள் தூங்கிவிட்டான்.

தூக்கமென்றால் அப்படியொரு தூக்கம்.
பந்து வந்து முதுகில் விழுந்தது.
தம்பி மகன் அவன் கால்களை மணலால் மூடி
பத்துக் கிளிஞ்சல் பொறுக்கி நகம் வைத்தான்.
சீலா மீன் கரியில் சுடும் வாசம் போனது.
ம்ஹூம்.
"பீச்சுக்கு வந்து தூங்குறவன
இப்பத்தான் பாக்குறேன்" என்றார் மச்சான்.
ராத்தா ஒன்றும் சொல்லாமல்
இரண்டு பெரிய துண்டங்களைத் தாளில் சுற்றி
மற்றவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள்.

மூன்று மணிக்குத் தெற்குக் கட்டடத்தின் நிழல்
மெல்ல நகர்ந்து வந்து அவன் தலையில் ஏறியது.
ஜூனில் இதே நிழலுக்கு அடித்துக்கொண்டிருப்போம்.
தூக்கத்திலேயே அவன் தோளைக் குறுக்கினான்.
எழுப்ப வேண்டாம், பாயோடு வெயிலுக்கு நகர்த்தலாம்
என்றது யாரென்று தெரியவில்லை.
நாலு முனைக்கு நாலு பேர் குனிந்தோம்.

மாமி கத்தினார்:
"அடேய், மய்யித்தா தூக்குறீங்க?
நாலு பேராப் பிடிக்காதீங்க!"

அப்படியே நின்றோம்.
பாயின் ஓரம் காற்றில் படபடத்தது.
போன நோன்புக்கு முன்னால்
இவன் அறையில் மேல்கட்டிலில் படுத்த மாரிச்செல்வம்
விமானத்தின் அடிவயிற்றில் ஊர் போன கதையை
எனக்கு மட்டும் ஒருநாள் ஃபோனில் சொல்லியிருந்தான்.
நான் என் முனையை இன்னும் விடவில்லை.

அப்போது நூரியா, ஐந்து வயது,
பாயின் பக்கவாட்டில்
எந்தக் கனமும் வராத ஓரிடத்தை
ஒரு கையால் பிடித்தாள்.
மறு கையில் பாதி வாழைப்பழம்.
"இப்ப அஞ்சு."

மாமி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.
"ம், சரி."

மாலைக்குள் மூன்று முறை நகர்த்தினோம்.
ஒவ்வொரு முறையும் நூரியாவைத் தேடிப்பிடித்து
இழுத்து வர வேண்டியிருந்தது,
ஒருமுறை ஈர உள்ளாடையோடு, அழ அழ.

மஃக்ரிபுக்குச் சற்று முன் கண் விழித்தான்.
கடைசி வெயில் இருந்தது அலையோரத்தில்,
அதனால் கடல்
அவன் மூக்குக்கு நேரே இருந்தது.

"நான் இங்கயா படுத்தேன்?"
"அலை இழுத்துட்டு வந்திருக்கும்" என்றார் மச்சான்,
ஆறிப்போன மீனுக்காகக் கரியை ஊதியபடி.

முள்ளை ஒதுக்கிக்கொண்டே
பக்கத்தில் ஒண்டிய நூரியாவிடம் கேட்டான்:
"கடல் எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் யோசித்துச் சொன்னாள்,
"கனமா."